கொழும்பு வளவுகளில் விஷப்பாம்பு: அடையாளம் காண்பது முதல் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புவது வரை

சில ஆண்டுகளுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், தெஹிவளையில் இருக்கும் என் மாமி பூச்சாடிகளுக்கு இடையே தேங்கிக் கிடந்த சருகைக் கையால் அள்ளியபோது விரலில் கடிபட்டார். முள் குத்தியதாகத்தான் முதலில் நினைத்தார். சருகு அசைந்த பிறகே இரண்டு சாண் நீளங்கூட இல்லாத ஒரு பாம்பு கண்ணில் பட்டது. அடுத்த ஒரு மணிநேரம் அந்த வீட்டில் இருந்த எவரும் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. ஒருவர் மணிக்கட்டில் கயிற்றை இறுக்கினார், இன்னொருவர் சவர அலகு தேடினார், நான் தடியை எடுத்துக்கொண்டு பாம்பைத் தேடினேன். மாமி தப்பினார். ஆனால் அவர் தப்பியது எங்கள் செயலால் அன்று, கடித்தது எந்தப் பாம்பு என்பதால்தான் என்று பின்னர் விளங்கிக்கொண்டபோது, இதைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்நகரத்தில் குடியிருப்பது பிழை என்று மனதில் பட்டது. அன்றிலிருந்து வாசித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்தவற்றைக் கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

"கொழும்பிலுமா பாம்பு?" என்று ஊரிலிருந்து வரும் உறவினர் கேட்பதுண்டு. 2018 ஆம் ஆண்டில், ஈரநிலப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகிலேயே முதன்முதலாக ஈரநில நகரங்களாக ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. கொலன்னாவைச் சதுப்பு, பெத்தகான, தலவத்துகொட, பெல்லன்வில – அத்திடிய ஆகிய ஈரநிலங்கள் கால்வாய்களாலும் கான்களாலும் நம் வீட்டுப் பின்வளவுகளோடு தொடுக்கப்பட்டிருக்கின்றன. தவளையும் எலியும் வரும் வழியில் அவற்றைத் தின்னும் பாம்பும் வருகிறது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2016 இல் வெளியான தேசிய வீட்டாய்வு ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாவதாகவும், அவர்களுள் 30,000 பேரளவில் நஞ்சேறுவதாகவும், 400 க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. இவற்றில் பெரும்பகுதி வயலும் காடும் சார்ந்த மாவட்டங்களில் நிகழ்வதாயினும், வைத்தியசாலை அருகிலேயே இருக்கும் கொழும்பில் ஒருவர் அறியாமையால் உயிரிழப்பது இரட்டைத் துயரம்.

முதலாவது படி: எந்தப் பாம்பு என்று அறிதல்

இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட பாம்பு இனங்கள் உள்ளன. தரையில் வாழ்பவற்றுள் மனித உயிருக்கு ஆபத்தானவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றை ஐயமறத் தெரிந்துகொண்டால், மற்றவற்றைக் கண்டு நடுங்கவும் வேண்டியதில்லை, அடித்துக் கொல்லவும் வேண்டியதில்லை. சிங்களப் பெயர்களையும் உடன் தருகிறேன். அயலவரும் பாம்பு பிடிப்பவரும் பெரும்பாலும் அப்பெயர்களையே சொல்வார்கள் என்பதால், அவசரத்தில் அவை தெரிந்திருப்பது உதவும்.

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் முதலில் அறியவேண்டியது மாமியைக் கடித்த அந்தச் சிறு பாம்பு. மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்த குழிவிரியன் அது. கோப்பி விரியன் என்று மலையகத்தில் வழங்கும். சிங்களத்தில் குணகட்டுவா அல்லது பொலன் தெலிஸ்ஸா. நீளம் பெரும்பாலும் 30 முதல் 45 சென்ரிமீற்றர், நிறம் காய்ந்த இலையின் நிறம், தலை முக்கோணம். சுருண்டு படுத்திருக்கும்போதும் தலையைச் சாய்வாக உயர்த்தி வைத்திருப்பது இதன் தனி அடையாளம். இலங்கையில் அதிகமானோரைக் கடிக்கும் விஷப்பாம்பு இதுவே. கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் ஏற்படுவதோடு பலருக்கு அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் இரத்தம் உறையாமை, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை ஏற்படுகின்றன. அந்தச் சிலர் யார் என்று கடித்த நேரத்தில் எவராலும் சொல்ல முடியாது.

புடையன் என்று நம்மவர் சொல்லும் கண்ணாடி விரியன், சிங்களத்தில் தித் பொலங்கா. பருத்த உடல், மண்நிறம், முதுகிலும் இரு பக்கங்களிலுமாக மூன்று வரிசையில் கருவிளிம்பிட்ட நீள்வட்டப் புள்ளிகள். சீண்டினால் குக்கர் ஆவி விடுவதுபோல் உரத்துச் சீறும். முட்டையிடாமல் குட்டி போடும் பாம்பு இது, ஓர் ஈற்றில் 20 முதல் 40 குட்டிகள் வரை சாதாரணம். இதன் நஞ்சு இரத்த உறைவைக் குலைக்கிறது, சிறுநீரகத்தைத் தாக்குகிறது. இலங்கைப் புடையனின் கடியில் இமைகள் தொங்குவது போன்ற நரம்புத் தாக்கமும் சேர்ந்து காணப்படும். மலைப்பாம்புக் குட்டி என்று தவறாக எண்ணிப் புடையனைக் கையில் எடுப்பவர்கள் உண்டு. மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்று, ஒன்றோடொன்று ஒட்டியும் பிரிந்தும் இருக்கும். புடையனின் புள்ளிகள் சங்கிலி கோத்ததுபோல் வரிசையாக இருக்கும். ஐயம் இருக்கும்வரை அதைப் புடையனாகவே கொள்ளுங்கள்.

நாகத்தை, சிங்களத்தில் நயாவை, எல்லோரும் அறிவர். படம் விரித்தால்தான் அறிவர் என்பதே சிக்கல். படம் விரிக்காத நாகம் சாரைபோல் தோன்றும். சாரைக்குப் பெரிய கண்களும் உதட்டில் நெட்டாகக் கருங்கோடுகளும் இருக்கும், ஆளைக் கண்டவுடன் விரைந்து ஓடிவிடும். இலங்கை நாகங்களுள் சிலவற்றின் படத்தில் கண்ணாடிக் குறி தெளிவாக இராது என்பதையும் கவனியுங்கள். நஞ்சைத் துப்பும் நாகமோ இராஜநாகமோ இலங்கையில் இல்லை. இராஜநாகம் என்று பரப்பப்படும் படங்களில் பெரும்பாலும் இருப்பது நன்கு வளர்ந்த சாரை.

கட்டுவிரியன் வகைகளைச் சிங்களத்தில் கரவலா என்பர். கருநிற உடலில் வெள்ளை வளையங்கள் கொண்ட சாதாரண கட்டுவிரியன் வரண்ட வலயத்துப் பாம்பு. இலங்கைக்கே உரிய இன்னொரு கட்டுவிரியன் ஈர வலயத்தில் வாழ்கிறது. கொழும்பு நகருக்குள் இவை அரிது. ஆயினும் விடுமுறைக்கு வவுனியா, அனுராதபுரம் என்று போய்த் தரையில் பாய் விரித்துப் படுக்கும் கொழும்புக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இது இரவில் உறங்குவோரைக் கடிக்கும், கடி பலருக்கு நோகாது, அடையாளமும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு எழுந்து, பிறகு கண் இமைகள் தொங்கத் தொடங்கினால் அது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். ஓநாய்ப் பாம்பு என்ற தீங்கற்ற வீட்டுப்பாம்பு இதைப்போலவே வளையங்கள் கொண்டது. ஓநாய்ப் பாம்பின் வளையங்கள் கழுத்தருகே தெளிவாகவும் வால் நோக்கி மங்கியும் இருக்கும், சாதாரண கட்டுவிரியனில் இது தலைகீழ். ஆனால் இந்த வேறுபாட்டைப் பார்க்கக் கிட்டப் போகாதீர்கள்.

முகத்துவாரத்திலும் கரையோரமெங்கும் வலையிழுப்போர் கடற்பாம்புகளையும் அறிவார்கள். தட்டையான துடுப்பு வால் கொண்டவை அனைத்தும் கடும் நஞ்சுடையவை, வலையிலிருந்து வெறுங்கையால் எடுக்கலாகாது. மற்றப்படி கொம்பேறி மூக்கன், கண்குத்திப் பாம்பு, நீர்க்கோலி, செவிப்பாம்பு, சாரை ஆகிய எவையும் உயிருக்கு ஆபத்தானவை அல்ல. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடலைப் புகையைப் பார்க்கும் என்ற பழங்கதையை என் பாட்டியும் சொல்லியிருக்கிறார். அக்கதையால் அடிபட்டுச் செத்த அந்த எளிய மரப்பாம்புகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது படி: பாம்பின் போக்கை விளங்கிக்கொள்ளுதல்

பாம்புக்கு மனிதன் இரையல்லன். நஞ்சு அதற்கு இரை பிடிக்கும் கருவி, அதை வீணாக்க அது விரும்புவதில்லை. கடிக்கும்போது நஞ்சைச் செலுத்தாமலே விடுவதும் உண்டு. பழிவாங்கும், துணையைக் கொன்றவரைத் தேடிவரும், துரத்திக்கொண்டு ஓடிவரும் என்பனவெல்லாம் உண்மையல்ல. நாகம் படம் விரித்து நிற்பதும் புடையன் சீறுவதும் "விலகிப் போ" என்ற எச்சரிக்கை மட்டுமே, அந்த எச்சரிக்கையைப் பெற்றவருக்கு விலக நேரம் இருக்கிறது.

இதில் ஒரு முக்கிய வேறுபாட்டை நம்மில் பலர் அறிவதில்லை. பாம்புக்கு வெளிச்செவி கிடையாது, ஆனால் நிலத்தின் அதிர்வை அது நன்றாக உணரும். காலை ஓங்கி மிதித்து நடந்தால் பாம்பு விலகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வது சாரைக்கும் நாகத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும். விரியன் வகைகளுக்குப் பொருந்தாது. குழிவிரியனும் புடையனும் தம் நிறத்தை நம்பி வாழ்பவை. ஆள் வருவதை உணர்ந்தால் இன்னும் அசையாமல் படுத்துக்கொள்ளும், மிதிக்கும் கணத்தில்தான் கடிக்கும். ஆகவே அவற்றுக்கு எதிரான காப்பு சத்தமன்று, வெளிச்சம். கண் போய்ப் பார்த்த இடத்துக்கு மட்டுமே கையும் காலும் போகவேண்டும் என்ற ஒரே பழக்கம், நான் அறிந்த எந்த மருந்தையும் மந்திரத்தையும்விட அதிகமான கடிகளைத் தடுக்கும்.

நேரத்தையும் கவனியுங்கள். புடையனும் குழிவிரியன்களும் பொழுது சாய்ந்த பின் கூடுதலாக நடமாடும், நாகத்தைப் பகலிலும் அந்தியிலும் காணலாம். மழை பெய்து தவளைகள் கத்தும் மாலையில் வளவுக்குள் இறங்குபவர் டோர்ச் இல்லாமல் இறங்கக்கூடாது.

மூன்றாவது படி: வீட்டையும் வளவையும் ஒழுங்குபடுத்துதல்

பாம்பு வீட்டுக்கு வருவது மூன்று காரணங்களுக்காக: இரை, ஒளிவிடம், ஈரம். இரை என்பது பெரும்பாலும் எலி. குப்பைப் பையை இரவில் குசினி வாசலில் விடுவது, நாய்க்கும் பூனைக்கும் வைத்த சோற்றைக் கழுவாமல் விடுவது, கோழிக்கூட்டுக்குக் கீழே தீனி சிந்த விடுவது ஆகியன எலிக்கு அழைப்பு. எலியை ஒழிக்காமல் பாம்பை ஒழிக்க முயல்வதில் பயனில்லை.

ஒளிவிடத்தைப் பொறுத்தவரை, பொச்சு மட்டை, விறகு, மேசன் வேலைக்குப் பின் மிஞ்சிய செங்கல், பழைய ஓடு, தகரம் ஆகியவற்றைச் சுவரோடு ஒட்டிக் குவிக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டுமானால் வீட்டிலிருந்து தள்ளி, நிலத்திலிருந்து சற்று உயர்த்தி அடுக்குங்கள். பூச்சாடிகளை நெருக்கி வைக்காமல், இடையில் தும்புத்தடி போகும் அளவு இடம் விடுங்கள். சருகைக் கையால் அள்ளாமல் ரேக்கால் வாருங்கள். கதவுக்கும் தரைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் குட்டிப் பாம்பும் நுழையும், றப்பர் பட்டி அடித்து அதை மூடுங்கள். குளியலறை நீர் வெளியேறும் குழாய்க்கும் கானின் வாய்க்கும் கம்பிவலை போடுங்கள். கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டிவிடுங்கள். தொடர்மாடியில் குடியிருப்போர் இதில் பெரும்பகுதியைத் தாண்டிவிடலாம், ஆனால் கீழ்த்தளத்து வாகனத் தரிப்பிடமும் குப்பை அறையும் அவர்களுக்கும் பொதுவானவை.

வெள்ளைப்பூண்டு கரைத்துத் தெளிப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, கந்தகம் தூவுவது, கார்போலிக் அமிலம் வைப்பது ஆகியவற்றை நம்பி மேற்சொன்னவற்றை விட்டுவிடாதீர்கள். பாம்பு இவற்றுக்கு அஞ்சி விலகுவதாக நம்பத்தக்க சான்று இல்லை, கார்போலிக் அமிலமோ பிள்ளைகளின் தோலைப் பொசுக்கும்.

சப்பாத்தைப் போடுமுன் உதறுவது, தோட்ட வேலையில் கையுறையும் கணுக்காலை மூடும் சப்பாத்தும் அணிவது, இரவில் வெறுங்காலோடு வெளியே போகாதிருப்பது ஆகிய மூன்றும் வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக வேண்டும். ஊருக்குப் போய்த் தரையில் படுக்க நேர்ந்தால், நுளம்பு வலையைக் கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். வலைக்குள் உறங்குவோருக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைகிறது என்பது நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடந்த ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. நுளம்புக்காகக் கட்டும் வலை கட்டுவிரியனையும் தடுக்கிறது.

வெள்ளம் வந்தால் நிலைமை வேறு. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் கடுவெலையும் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய வெள்ளத்தில் பாம்பும் மனிதனைப்போலவே உலர்ந்த மேட்டைத் தேடும். நீர் வடிந்து வீடு திரும்புபவர்கள் அலுமாரியின் மேற்தட்டு, மெத்தைச் சுருள், யன்னல் விளிம்பு, கூரைச் சட்டம் ஆகியவற்றை நீண்ட தடியால் தட்டிப் பார்த்த பிறகே தொடவேண்டும். கலங்கிய நீரில் மிதக்கும் குப்பையைக் கையால் ஒதுக்காதீர்கள்.

நான்காவது படி: நேருக்கு நேர் கண்டால்

நில்லுங்கள். அடுத்து மெதுவாகப் பின்வாங்குங்கள். பாம்பு தன் உடல் நீளத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரையிலான தூரத்துக்கே எட்டிக் கடிக்கும், ஆகவே இரண்டு மூன்று மீற்றர் விலகிவிட்டால் நீங்கள் காப்பில் இருக்கிறீர்கள். பாம்புக்கும் அதன் வெளியேறும் வழிக்கும் இடையில் நிற்காதீர்கள். வளவில் கண்டது என்றால் பெரும்பாலும் அது சில நிமிடங்களில் தானாகப் போய்விடும், போகவிடுங்கள்.

வீட்டுக்குள் வந்திருந்தால், முதலில் பிள்ளைகளையும் நாயையும் வேறு இடத்துக்கு அனுப்புங்கள். பாம்பு இருக்கும் அறையிலிருந்து வீட்டின் மற்றப் பகுதிகளுக்குச் செல்லும் கதவுகளைச் சாத்தி, அடியில் உள்ள இடைவெளியைத் துவாயால் அடையுங்கள். வெளிப்புறக் கதவு இருந்தால் திறந்து விடுங்கள். ஒருவர் தூர நின்று பாம்பைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது எங்கே போயிற்று என்று தெரியாமல் போவதே அடுத்த விபத்துக்கு வழி. அது போகவில்லையானால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது பயிற்சி பெற்ற பாம்பு மீட்பவரை வரவழையுங்கள். வாளியால் மூடுவது, கொதிநீர் ஊற்றுவது, தும்புத்தடியால் அமுக்குவது என்று எதையும் நீங்களே செய்யாதீர்கள். கொல்லவோ பிடிக்கவோ போய்த்தான் பலர் கடிபடுகிறார்கள்.

நாகத்தை நாம் கும்பிடுகிறோம். நயினாதீவு நாகபூசணி அம்மனையும் ஊரூராக உள்ள நாகதம்பிரான் கோயில்களையும் அறிந்தவர்கள் நாகத்தைக் கொல்லத் துணிவதில்லை. நம் சிங்கள அயலவரும் நாகத்தைக் கொல்லாமல் சட்டியில் இட்டுத் தொலைவில் விட்டுவருவர். அந்த மனம் மிக நல்லது. நாகத்துக்குக் காட்டும் அதே பொறுமையைச் சாரைக்கும் மற்றப் பாம்புகளுக்கும் காட்டினால், நம் வளவின் எலிகளைத் தின்று தீர்ப்பவற்றை நாமே அழிக்காமல் இருப்போம். ஆனால் பால் வைக்க வேண்டாம். பாம்பு பால் குடித்து வாழும் உயிரன்று, வைத்த பாலுக்கு வருவது பூனையும் எலியுந்தான்.

ஐந்தாவது படி: கடிபட்டால் முதல் பத்து நிமிடம்

பாம்பிலிருந்து விலகி, கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வையுங்கள். மணியைப் பார்த்துக் கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், கட்டணம் இல்லை. அம்புலன்ஸ் வரத் தாமதமானால் கிடைக்கும் வாகனத்தில் புறப்படுங்கள், முச்சக்கர வண்டியானாலும் சரி. ஆனால் கடிபட்டவரை நடக்கவோ, மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டிவரவோ விடாதீர்கள். தசை அசைய அசைய நஞ்சு விரைவாக உடலில் பரவும்.

மோதிரம், காப்பு, கைக்கடிகாரம், மெட்டி, இறுக்கமான சட்டைக் கை ஆகியவற்றை உடனே கழற்றுங்கள். வீக்கம் ஏறிய பின் இவை இரத்த ஓட்டத்தைத் தடுத்து விரலையே இழக்கச் செய்யலாம். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல், ஒரு பலகைத்துண்டோ சுருட்டிய பத்திரிகையோ வைத்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் வையுங்கள். மயக்கமோ வாந்தியோ இருந்தால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். கடிபட்டவரோடு மெதுவாகப் பேசுங்கள், சுற்றி நின்று அழுவோரை அப்பால் அனுப்புங்கள். அச்சத்தால் மட்டுமே நெஞ்சு படபடத்து மூச்சு வாங்குவோர் பலர்.

செய்யக்கூடாதவற்றைத் தனியே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அவற்றையே நம் கைகள் முதலில் செய்ய ஓடுகின்றன. கயிறு இறுக்குவது நஞ்சைத் தடுப்பதில்லை, அங்கத்தை அழுகச் செய்கிறது. கீறுவது, இரத்தம் உறையாத நிலையில் நிற்காத குருதிப்பெருக்கை உண்டாக்கும். வாயால் உறிஞ்சுவதால் நஞ்சு வெளிவராது. பனிக்கட்டி, மின்சாரம், பாம்புக்கல், பச்சிலைச் சாறு, சாராயம் எவையும் வேண்டாம். கடிவாயைத் தேய்த்துக் கழுவவும் வேண்டாம். நோவுக்குப் பரசிட்டமோல் கொடுக்கலாம். அஸ்பிரின், ஐபுபுறொஃபன், டைக்ளோஃபெனக் ஆகியன கூடாது, அவை குருதிப்பெருக்கையும் சிறுநீரகப் பாதிப்பையும் கூட்டும்.

பார்வை பார்த்தல், விஷக்கடி வைத்தியம் ஆகியவற்றில் நம்பிக்கை உள்ளவர்களை நான் இகழவில்லை. என் தாத்தாவின் ஊரில் அப்படி ஒருவர் இருந்தார், நல்ல மனிதர். ஆனால் பல கடிகளில் நஞ்சே ஏறுவதில்லை என்பதால், அவரிடம் போனவர்கள் பலர் எதுவும் செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். நஞ்சு ஏறியவர்களுக்கு அங்கே கழிந்த இரண்டு மணிநேரம் திரும்பக் கிடைக்காது. நேர்த்தி வைப்பதானால் வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பாம்பைத் தேடி அலையாதீர்கள். கண்முன்னே இருந்தால் தூர நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள், அது வைத்தியருக்கு மிக உதவும். யாராவது அதைக் கொன்றிருந்தால் கையால் தொடாதீர்கள், துண்டித்த தலையும் சிறிது நேரம் கடிக்கக்கூடியது. பாம்பு கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டியதில்லை, அறிகுறிகளையும் பரிசோதனையையும் வைத்தே வைத்தியர்கள் தீர்மானிப்பார்கள்.

ஆறாவது படி: வைத்தியசாலையில்

கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவிலவில் உள்ள தெற்குப் போதனா வைத்தியசாலை, ராகமைப் போதனா வைத்தியசாலை, பிள்ளைகளுக்குச் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை என்று அரச வைத்தியசாலைகள் எட்டும் தூரத்திலேயே உள்ளன. சிறு தனியார் மருந்தகத்தில் இறங்கி நேரம் போக்காதீர்கள். விஷமுறிவு மருந்தும், அதன் ஒவ்வாமையைக் கையாளும் வசதியும், செயற்கைச் சுவாசமும் ஒருங்கே இருக்குமிடத்துக்கே போங்கள். கடித்த நேரம், இடம், கொடுத்த மருந்துகள், கடிபட்டவருக்கு ஏற்கெனவே உள்ள நோய்கள், ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். கயிறு கட்டியிருந்தால் வழியில் நீங்களே அவிழ்க்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

குடும்பத்தார் மனம் கொதிப்பது பெரும்பாலும் இங்கேதான். "பாம்பு கடித்து வந்திருக்கிறோம், ஊசி போடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று நானும் அன்று தாதியிடம் குரலை உயர்த்தினேன். நடந்தது என்ன என்று பின்னரே விளங்கியது. இலங்கையில் பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வது. அந்த நஞ்சின் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். நம்மை அதிகம் கடிக்கும் குழிவிரியனின் நஞ்சு அந்த நான்கில் இல்லை. ஆகவே குழிவிரியன் கடிக்கு அம்மருந்து பயன் தராது, கொடுத்தால் ஒவ்வாமை மட்டுமே மிஞ்சும். மாமிக்கு ஊசி போடாததே சரியான வைத்தியம்.

மற்றப் பாம்புகளின் கடியிலும், நஞ்சு உடலில் பரவியதற்கான அடையாளம் தெரிந்த பிறகே மருந்து ஏற்றுவார்கள். அந்த அடையாளத்தைத் தேடியே மணிக்கு மணி பார்க்கிறார்கள். கண் இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா, பல் ஈறிலோ சிறுநீரிலோ இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, பின் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் நஞ்சு இரத்தத்தைத் தாக்கிவிட்டது என்று பொருள். இந்த எளிய சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். மருந்து தேவைப்பட்டால் 10 குப்பியோ அதற்கு மேலோ இரத்த நாளம் வழியாக ஏற்றப்படும். நஞ்சின் அளவு ஒன்றே என்பதால் பிள்ளைக்கும் பெரியவருக்குரிய அளவே கொடுக்கப்படும். இதைக் கண்டு பெற்றோர் பதற வேண்டாம்.

இந்த மருந்துக்கு இலங்கையில் பலருக்கு ஒவ்வாமை ஏற்படுகிறது: தோல் தடிப்பு, நடுக்கம், மூச்சுத் திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி. மருந்து ஏற்றுமுன் தோலுக்கடியில் சிறு அளவு அட்ரினலின் கொடுத்தால் கடும் ஒவ்வாமை கணிசமாகக் குறைகிறது என்று இலங்கை வைத்தியர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் ஆய்ந்து 2011 இல் வெளியிட்டனர். நம் நாட்டு வார்டுகளில் பிறந்த அந்த அறிவு மற்ற நாட்டு நோயாளர்களுக்கும் உதவக்கூடியது என்பதை இங்கே மகிழ்ச்சியோடு பதிவுசெய்கிறேன்.

கட்டுவிரியன் கடியில் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைத்துவிடுவதால், மருந்து கொடுத்த பின்னும் தசைகள் பல நாள் இயங்காமல் இருக்கலாம். நோயாளி செயற்கைச் சுவாசத்தில் அசையாமல் கிடப்பார், கண்ணையும் திறக்கமாட்டார், ஆனால் நாம் பேசுவது அவருக்குக் கேட்கக்கூடும். படுக்கையருகே நின்று அவநம்பிக்கையாகப் பேசாதீர்கள். நரம்பு முனைகள் மீண்டும் வளர, பெரும்பாலோர் முழுமையாகத் தேறுவர்.

அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் குறைந்தது 24 மணிநேரம் வைத்தியசாலையில் இருக்கவேண்டும். "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று நடு இரவில் கையொப்பமிட்டு வெளியேறாதீர்கள்.

ஏழாவது படி: வீடு திரும்பிய பின்

விஷமுறிவு மருந்து பெற்றவருக்கு 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல், மூட்டு நோவு, தோல் தடிப்பு ஆகியன வரலாம். இது நஞ்சு திரும்பி வந்ததன்று, குதிரைப் புரதத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை, மருந்துக்கு அடங்கும். நாகம் கடித்த இடத்தில் தோல் கருத்து அழுகினால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம், வீட்டிலேயே மருந்து கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. எந்த விரியன் கடித்தாலும் சிறுநீர் குறைகிறதா, கருஞ்சிவப்பாகிறதா, முகமும் காலும் வீங்குகின்றனவா என்று கவனித்து, சொன்ன திகதியில் கிளினிக்குக்குப் போய்ச் சிறுநீரகப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். குழிவிரியன் கடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுள் சிலருக்கு அப்பாதிப்பு நிலைத்துவிடுகிறது.

மாமி மூன்று நாள் வார்டில் இருந்தார். விரல் வீக்கம் வற்ற இரண்டு கிழமை ஆயிற்று, கிளினிக்குக்கு ஒரு தடவையும் தவறாமல் போய்வந்தார், சிறுநீரகத்துக்குப் பழுதில்லை. அவருடைய பூச்சாடிகள் இப்போது ஒரு முழ இடைவெளியில் இரும்புத் தாங்கிகளின் மேல் நிற்கின்றன. முற்றத்துத் தூணில் ஒரு டோர்ச் தொங்குகிறது. போன மாசியில் அந்தச் சாடிகளுக்கு அருகே இன்னொரு குணகட்டுவாவைக் கண்டபோது, அவர் மெதுவாகப் பின்வாங்கித் தூர நின்று, பேரனை உள்ளே போகச் சொல்லிவிட்டு, 1992 க்கு அழைத்தார்.